பெயர் ஓரிடம், உயிர் ஓரிடம்

வாரிசு என்பவர் யார்? பெயரைப் பெற்றவரா, குணத்தைப் பெற்றவரா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் ஒரு விடை சொல்லும். ஊர் வேறொரு விடை சொல்லும். "வீட்டுப் பத்திரம் பெரியவன் பேருல இருக்கு. ஆனா அப்பன் கைப்பக்குவம் சின்னவன்கிட்டத்தான் இருக்கு" என்று நம் லயத்து வாசல்களில் பேசக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒருவரிடமே சேர்வது அபூர்வம். பெயர் ஓரிடத்தில் தங்கிவிடும். உயிர் வேறு வழியில் போய்விடும்.

இந்த வழக்கை நான் இன்று வீடியோ விளையாட்டுகளை வைத்துப் பேசப்போகிறேன். "ஆசிரியைக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் இரவு பன்னிரண்டு மணிவரை திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையோ, பிள்ளையின் அப்பாவோ இருக்கக்கூடும். அவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள், சில சமயம் ஏன் பணத்தையும் அனுப்புகிறார்கள் என்பதைக் குடும்பத்தார் அறிந்து வைத்திருப்பது நல்லது.

வீடியோ விளையாட்டு என்றதும் சுடுவதும் பந்தயமும்தான் பலருக்கு நினைவு வரும். அவற்றில் ஒரு வகை வேறு. கதையில் வரும் ஒருவராக நாமே புகுந்து, ஊர் ஊராய் நடந்து, மனிதர்களோடு பேசி, யாரை நம்புவது, யாரைக் கைவிடுவது என்று முடிவெடுக்கும் விளையாட்டு. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று அதைச் சொல்லலாம். ஒரு கதையை முடிக்க முப்பது மணி நேரமும் ஆகும், நூறு மணி நேரமும் ஆகும். தொடர்கதைக்காக வாரம் முழுதும் காத்திருந்து பழகிய நமக்கு அந்த ஆர்வம் புரியாத ஒன்றல்ல.

எனக்கு இந்த உலகம் அறிமுகமானது என் தம்பியால். 1998-ஆம் ஆண்டு. நான் ஆறாம் படிவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதினான்கு வயது. பள்ளி விடுமுறையில் அப்பாவின் நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிடுவான். அங்கே ஒரு சீனரின் கடையில் மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்தால் பிளேஸ்டேஷன் ஆடலாம். அவன் ஆடியது 'சுய்கோடென்' என்ற ஜப்பானிய விளையாட்டு. அதில் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடும். தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்த் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த பையனுக்கு அது விளங்கவில்லை. "அக்கா, நீ வந்து படிச்சுச் சொல்லுக்கா" என்று கெஞ்சினான். அம்மாவிடம் நூல் நிலையத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு (நூல் நிலையத்துக்கும் போனோம் என்பதால் அது பொய்யல்ல!) நானும் போனேன்.

கதை இதுதான். அரசனின் தளபதிக்கு ஒரு மகன். ஆட்சியின் கொடுமை கண்டு எதிர்ப்பக்கம் சேர்கிறான். ஏரியின் நடுவே பாழடைந்த கோட்டை ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. அதில் 108 பேரைச் சேர்க்க வேண்டும். எல்லாரும் வீரர்கள் அல்லர். கொல்லர் உண்டு, சமையற்காரர் உண்டு, துணி துவைக்கும் பெண் உண்டு, குளியலறை கட்டுபவர் உண்டு. ஒவ்வொருவராக வரவரக் கோட்டையில் ஒவ்வொரு மூலையிலும் விளக்கு எரியத் தொடங்கும். "நம்ம தோட்டம் மாதிரி இருக்குல்லக்கா" என்றான் தம்பி. கடைத் தவுக்கே அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த 108 பேர் தங்கள் பழைய சீன நாவலில் வரும் லியாங்சான் மலை வீரர்கள் என்று அரைகுறை மலாயில் விளக்கினார். சீனர்கள் 'சுய்ஹூ சுவான்' என்று சொல்லும் அந்தப் பெயரை ஜப்பானியர்கள் உச்சரிப்பதுதான் 'சுய்கோடென்' என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நாயகனைச் சிறு வயதிலிருந்து வளர்த்த கிரெமியோ என்ற பணியாள் ஒருவன் அதில் வருவான். நச்சுப் பூஞ்சைத் தூள் பரவும் சிறைச்சாலையில், மற்றவர்களை மறுபக்கம் அனுப்பிவிட்டு, தான் நச்சு இருக்கும் பக்கம் நின்றுகொண்டு கதவைச் சாத்திவிடுவான். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் பேசும் கடைசிப் பேச்சை நான் தமிழில் சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற ஐந்தாறு பையன்களும் வாய் திறக்கவில்லை. 108 பேரில் ஒருவரையும் விடாமல் சேர்த்தால் மட்டும் பின்னால் அவன் உயிர் பெற்று வருவான். அதற்காகத் தம்பி நான்கு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனான். ஆட்டத்தைச் சேமிக்கும் நினைவட்டையை ஒரு மைலோ டின்னில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பான். அந்த நான்கு மாதத்தில் அவன் ஆங்கிலம் தேறியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த விளையாட்டு 1995-இல் ஜப்பானில் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் யோஷிடகா முராயாமா. வெளியிட்டது கொனாமி நிறுவனம். இரண்டாம் பாகம் 1998-இல் வந்தது. மூன்றாம் பாகம் வெளியான 2002-ஆம் ஆண்டில் முராயாமா அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். அவர் போனார், 'சுய்கோடென்' என்ற பெயர் நிறுவனத்திலேயே இருந்தது. இது யார் குற்றமும் அல்ல. சம்பளம் வாங்கிச் செய்த வேலையின் உரிமை முதலாளிக்கு என்பது பல நாடுகளில் உள்ள ஏற்பாடு. மரத்தை நட்டவர் தோட்டத்தை விட்டுப் போகும்போது மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா?

ஆனால் நடத்தெரிந்த கை அவரோடுதானே போகிறது! அங்கேதான் நம் வாரிசு வழக்கு தொடங்குகிறது. பழைய பெயரைத் தொடாமல், பழைய ஊர்களையும் பாத்திரங்களையும் தொடாமல், அந்தப் பழைய விளையாட்டின் உயிரை மட்டும் புதிய உடலில் வைத்துச் செய்வது. இதை நான் உயிர்வழி வாரிசு என்று சொல்கிறேன்.

இது புதிய வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் இன்டர்பிளே என்ற நிறுவனம் 1988-இல் 'வேஸ்ட்லேண்ட்' என்ற விளையாட்டைச் செய்தது. அணுப்போருக்குப் பிந்திய பாலைவனத்தில் நடக்கும் கதை. பெயருரிமை அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. எனவே இன்டர்பிளே அதே மாதிரியான பாலைவனத்தை வேறு பெயரில் படைத்து 1997-இல் 'ஃபால்அவுட்' என்று வெளியிட்டது. பிறகு காலம் மாறியது. 2007-இல் 'ஃபால்அவுட்' என்ற பெயரும் பெதஸ்டா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயர்கள் இப்படித்தான், தோட்டங்களைப் போலக் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பழைய பாணி விளையாட்டுகளுக்கு 2000-க்குப் பிறகு பெரிய முதலாளிகளிடம் மதிப்புக் குறைந்தது. படிக்க நிறைய எழுத்து, நிதானமான ஆட்டம். இவை விற்காது என்றார்கள். 'வேஸ்ட்லேண்ட்' செய்த பிரையன் ஃபார்கோ அதன் இரண்டாம் பாகத்துக்காகப் பல ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டினார். திறக்கவில்லை. 2012 மார்ச்சில் அவர் முதலாளிகளை விட்டுவிட்டு, ஆடுகிறவர்களிடமே நேராகக் கேட்டார். கேட்டது 9 லட்சம் டாலர். சேர்ந்தது 29 லட்சம் டாலருக்கு மேல். கொடுத்தவர்கள் 61,000-க்கும் அதிகமானோர். 2014 செப்டம்பரில் விளையாட்டு வெளிவந்தது. இப்படிச் சேர்ந்த பணத்தால் வரும் லாபத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தன்னைப் போல் கேட்க வரும் மற்றவர்களுக்குக் கொடுப்பதாகவும் ஃபார்கோ அறிவித்தார். அது நல்ல பழக்கம் அல்லவா?

அதே 2012 செப்டம்பரில் அப்சிடியன் என்ற குழுவினர் கேட்டார்கள். 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்', 1999-இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்' ஆகிய புகழ்பெற்ற விளையாட்டுகளின் வழியில் புதிதாக ஒன்று செய்வோம் என்றார்கள். பழைய உலகமும் பழைய சட்டதிட்டங்களும் வேறு நிறுவனத்தின் சொத்து. எனவே எல்லாவற்றையும் புதிதாகவே கற்பனை செய்தார்கள். 11 லட்சம் டாலர் கேட்ட இடத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். 2015 மார்ச்சில் 'பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி' என்ற பெயரில் அது வந்தது. விளையாட்டுக்குள்ளேயே நினைவுக் கற்கள் நாட்டி, பணம் கொடுத்தவர்கள் சிலரின் வாசகங்களை அவற்றில் பொறித்தார்கள். நம் கோயில் மின்விளக்கில் உபயதாரர் பெயர் எழுதுகிறோமே, அதுபோல.

இந்தப் பணம் சேர்ந்த இடத்துக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்று பெயர். 2009-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் விதி எளிது. இவ்வளவு பணம் வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேட்பவர் அறிவிக்க வேண்டும். தேதிக்குள் இலக்கு எட்டினால்தான் கொடுப்பவரின் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும். ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமிருந்தும் ஒரு காசும் எடுக்கப்படாது.

இது கடனா? இல்லை, திருப்பித் தரமாட்டார்கள். பங்கா? இல்லை, லாபத்தில் பாகம் கிடையாது. விலையா? அதுவும் இல்லை, வாங்குவதற்குப் பொருள் இன்னும் பிறக்கவே இல்லை! பின் என்ன? கூட்டுநிதி என்று பொதுவாகச் சொல்லலாம். நம்பிக்கையை மட்டும் ஈடாக வைத்துக் கொடுக்கும் பணம்.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. தோட்டத் துண்டாடலால் நம்மவர்கள் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பால் வெட்டும் தொழிலாளர்களிடம் மாதந்தோறும் சிறு தொகையாகச் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கினார்கள். கொடுத்தவர்கள் கண்ணால் பார்த்தது ஒரு ரசீதைத்தான். அங்கே கொடுத்தவர் பங்குதாரர் ஆனார், இங்கே ஆவதில்லை. அது பெரிய வேறுபாடு. ஆனாலும் வராத ஒன்றை வரவழைக்கப் பலர் சிறிது சிறிதாகக் கொடுப்பது என்ற அடிப்படை ஒன்றே.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். நம்பிக்கைக்கு ரசீது கிடையாது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு, கிக்ஸ்டார்ட்டரில் பணம் சேர்த்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் சொன்னதைக் கொடுக்கவில்லை என்று கண்டது. கொடுத்தவர்களும் சொன்ன நாளில் கொடுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2013-இல் 41 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்த 'டார்மெண்ட்: டைட்ஸ் ஆஃப் நுமெனெரா' என்ற விளையாட்டு 2014 டிசம்பரில் வருவதாக இருந்தது. வந்தது 2017 பிப்ரவரியில். பணம் சேரச் சேர, "இன்னும் இவ்வளவு கிடைத்தால் இதையும் சேர்ப்போம், அதையும் சேர்ப்போம்" என்று வாக்குகள் பெருகியிருந்தன. கடைசியில் அவற்றில் சில கைவிடப்பட்டன. கைவிட்டதைக் காட்டிலும் அதை உரிய நேரத்தில் சொல்லவில்லையே என்பதுதான் பலருக்குக் கோபம். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக நின்ற எனக்கு அந்தக் கோபம் நன்றாக விளங்குகிறது. பிள்ளைகள் தாமதத்தை மன்னிப்பார்கள். மௌனத்தை மன்னிக்கமாட்டார்கள்.

இந்தக் கூட்டுநிதி எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது 2020-இல். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நம்மையெல்லாம் வீட்டுக்குள் அடைத்திருந்த ஆண்டு. தம்பி ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். மிகைநேர வேலை நின்றுபோய், சம்பளம் பாதியாகிக் கிடந்த நேரம். ஜூலை மாத இறுதியில் ஒருநாள் இரவு அவன் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, நீங்களே உங்க தம்பிகிட்டக் கேளுங்க. ஓட்டி நின்னு நாலு மாசம் ஆச்சு. வீட்டு வாடகைக்கே இழுபறி. இந்த நேரத்துல ஜப்பான்காரனுக்கு எண்ணூறு வெள்ளி மொய் எழுதப் போறாராம்!"

விஷயம் என்னவென்றால், முராயாமா பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்திருந்தார். முதல் 'சுய்கோடெ'னில் பாத்திரங்களை வரைந்த ஜுன்கோ கவானோ முதலிய பழைய தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார். 'எய்யூடென் குரோனிக்கிள்: ஹண்ட்ரட் ஹீரோஸ்' என்பது விளையாட்டின் பெயர். மறுபடியும் ஒரு கோட்டை. மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள். அவர் கேட்டது 5 கோடி யென்னுக்குச் சற்று மேல். அது சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் 46,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 48 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார்கள்.

தம்பியை அழைத்தேன். திட்டவில்லை. மூன்றே கேள்விகள் கேட்டேன். "இந்தக் காசு திரும்பி வரலன்னா உன் பிள்ளைங்க சாப்பாட்டுல குறை வருமா? நீ கொடுக்கலன்னா அந்த வேலை நின்னு போயிடுமா? எண்ணூறு வெள்ளி கொடுத்தா ஒரு கதை, குறைஞ்சதைக் கொடுத்தா வேற கதையா காட்டுவாங்க?"

நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இல்லக்கா, கதை ஒண்ணுதான். எண்ணூறுக்குப் படப் புத்தகம், சாமான் எல்லாம் சேர்த்துத் தருவாங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நான் அந்தச் சாமானுக்கு ஆசைப்படலக்கா. தவுக்கே கடையில நீ படிச்சுச் சொன்னியே, அதை எழுதின மனுஷன் இவரு. இத்தனை வருஷம் கழிச்சு வந்து கேக்குறாரு. நான் ஒண்ணுமே கொடுக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றான்.

அவன் மனைவியும் மறுமுனையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முடிவு மூவருக்கும் சம்மதமாக அமைந்தது. விளையாட்டு மட்டும் கிடைக்கும் ஆகக் குறைந்த தொகை, சுமார் நூற்றெழுபது வெள்ளி. அதையும் அவன் சிகரெட்டை நிறுத்தி மூன்று மாதத்தில் வீட்டுக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும் என்றாள் அவள். வைத்தான். சிகரெட்டும் நின்றுபோனது. ஜப்பான்காரருக்கு எழுதிய மொய்யில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்!

2022-இல் வருவதாக இருந்த விளையாட்டு 2023-க்குத் தள்ளியது. அதுவும் போய் 2024 ஏப்ரல் 23 என்று நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு இரண்டரை மாதங்களுக்கு முன், பிப்ரவரி 6-ஆம் நாள், முராயாமா காலமானார்.

செய்தி வந்த அன்று தம்பி எனக்கு அனுப்பியது ஒரே வரி: "கதவைச் சாத்திட்டாருக்கா." கிரெமியோவைத்தான் சொல்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. அன்று நான் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரைப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பணத்தைக் கொடுத்தவர்களில் பலர் முராயாமாவுக்காகத்தான் கொடுத்தார்கள். அவரே இல்லையென்றால்? ஆனால் விளையாட்டு சொன்ன நாளில் வந்தது. அவரோடு உழைத்த குழுவினர் அவர் எழுதியதை முடித்து வெளியிட்டார்கள். குறை இல்லாமல் இல்லை. குறிப்பாக நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு வந்த பதிப்பு மெதுவாகத் தடுமாறி ஓடியது. தயாரித்தவர்களே அதை ஒப்புக்கொண்டு சரிசெய்வதாகச் சொன்னார்கள். பழைய காலத்து ஆட்டமுறை இன்றைய பிள்ளைகளுக்கு அலுப்பூட்டுகிறது என்றும் சிலர் எழுதினார்கள். தம்பியின் மகன் அப்படித்தான் சொன்னான். "அப்பா, ரொம்ப ஸ்லோவா போகுதுப்பா" என்று எழுந்து போய்விட்டான். மகள் உட்கார்ந்தாள். இப்போது அவள் ஆங்கிலத்தைப் படிக்க, தம்பி தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். அவனுக்கே படிக்கத் தெரியும். இருந்தாலும் படித்துச் சொல்லச் சொல்கிறான்.

பெயர் வைத்திருந்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. கொனாமி நிறுவனம் முதல் இரண்டு 'சுய்கோடென்'களையும் மெருகேற்றி 2025 மார்ச்சில் மறுபடி வெளியிட்டது. இன்னோர் உதாரணமும் சொல்வேன். பெல்ஜியத்தில் லாரியன் என்று ஒரு குழு. பழைய பாணி விளையாட்டுகளின் வழியில் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' என்பதற்கு 2013-இல் கூட்டுநிதி கேட்டது. 9 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 2015-இல் அதன் இரண்டாம் பாகத்துக்குக் கேட்டபோது 20 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. இரண்டையும் செய்து முடித்தார்கள். கடைசியில் 'பால்டர்ஸ் கேட்' என்ற பெயரை வைத்திருந்த நிறுவனமே அதன் மூன்றாம் பாகத்தை அவர்களிடம் ஒப்படைத்தது. 2023-இல் வெளிவந்து, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் பெற்றது. வேறு பெயரில் உயிரைக் காத்தவர்களைத் தேடிப் பெயரும் வந்து சேர்ந்தது. இப்படியும் நடக்கும் என்பது மனத்துக்கு ஆறுதல்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அக்கறையாகத் தெரிந்துகொண்டேன் என்று கேட்பீர்கள். காரணம் என் பள்ளி.

நான் படித்ததும் இப்போது கற்பிப்பதும் ஒரே பள்ளியில்தான் என்று சொன்னால் அது உண்மை. இல்லை என்று சொன்னாலும் உண்மை. பால்மரங்கள் செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. எங்கள் தோட்டம் இன்று இல்லை. லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, வெட்டுமரம் ஒன்றுகூட இல்லை. பள்ளி மட்டும் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பட்டணத்து ஓரத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. "டீச்சர், இது எந்த ஊரு பேரு?" என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை கேட்கிறது. விளையாட்டுகளுக்கு உயிர் இருந்து பெயர் இல்லை. எங்களுக்குப் பெயர் இருக்கிறது. உயிரைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை எங்களுடையது.

பழைய பள்ளியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நூல் நிலையம் இருந்தது. தொழிலாளர்கள் ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டு வாங்கிய புத்தகங்கள். இடம் மாறியபோது கரையான் தின்றது போக மிஞ்சியது ஒரு பெட்டி. புதுக் கட்டடத்தில் அழகான அறை இருக்கிறது, அலமாரி இருக்கிறது, புத்தகம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடி, முறைப்படி அனுமதி பெற்று, நாடெங்கும் சிதறிப்போன முன்னாள் மாணவர்களிடம் 15,000 வெள்ளி கேட்பது என்று முடிவு செய்தது. கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

தம்பியோடு இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். நான்கு விதிகள் வகுத்தோம். ஒன்று: எத்தனை புத்தகம், எந்த வகுப்புக்கு, என்ன விலை என்று பட்டியலோடு கேட்பது. பணம் அதிகம் வந்தாலும் புது வாக்குகள் கொடுப்பதில்லை. இரண்டு: குறித்த தேதிக்குள் இலக்கு எட்டாவிட்டால் எல்லாருக்கும் எல்லாப் பணத்தையும் திருப்பி அனுப்புவது. மூன்று: மாதம் ஒருமுறை கணக்கு அனுப்புவது. ஒன்றுமே நடக்காத மாதமானால் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதி அனுப்புவது. நான்கு: ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கொடுத்தவர் சொல்லும் ஒரு பெயரை எழுதுவது.

இரண்டாவது விதிக்குக் கூட்டத்தில் பலத்த எதிர்ப்பு. "வந்த லட்சுமிய யாராவது திருப்பி அனுப்புவாங்களா டீச்சர்? பத்தாயிரம் வந்தா பத்தாயிரத்துக்கு வாங்குவோமே!" என்றார் சங்கத்துப் பெரியவர் ஒருவர். நியாயமான பேச்சுதான். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஐயா, இதுக்கு முன்னால எத்தனையோ பேரு எத்தனையோ காரணம் சொல்லி இவங்ககிட்ட வசூல் பண்ணியிருக்காங்க. போன காசு எங்க போச்சுன்னு தெரியாம கை சுருங்கிப் போயிருக்கு. பயமில்லாமக் கொடுக்கணும்னா திரும்பி வரும்ங்கிற உறுதி வேணும்" என்றேன். விதி நிலைத்தது.

இந்தக் கட்டுரையை எழுதும் இன்று பள்ளி அறிவிப்புப் பலகையில் உள்ள தொகை 11,340 வெள்ளி. இன்னும் 3,660 வெள்ளி வேண்டும். குறித்த தேதிக்கு ஏழு வாரம் இருக்கிறது. எட்டாவிட்டால் திருப்பித்தான் அனுப்பப்போகிறோம். தலைமையாசிரியை அம்மாவுக்கு உள்ளூரக் கவலை. எனக்கும் இல்லாமல் இல்லை.

இதுவரை வந்த பணத்தில் ஆகச் சிறியது கிள்ளானில் பாதுகாவலராக வேலை செய்யும் ஒரு பெரியவர் அனுப்பிய ஐந்து வெள்ளி. தம்பி நூற்றெழுபது வெள்ளி அனுப்பினான். அந்தத் தொகையை அவன் ஏன் தேர்ந்தெடுத்தான் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். புத்தகத்தில் எழுத அவன் கொடுத்தது எங்கள் அப்பாவின் பெயர். மூன்றாம் வகுப்போடு அதே பள்ளியை விட்டு வெளியேறி, நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர் அவர். அவர் பெயர் இதுவரை எந்தப் புத்தகத்திலும் அச்சிலோ கையெழுத்திலோ ஏறியதில்லை, கங்காணியின் பெரட்டுப் புத்தகத்தைத் தவிர.

வாசக அன்பர்களே! எங்கள் பள்ளிக்குப் பணம் அனுப்புங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. பள்ளியின் பெயரைக்கூட நான் குறிப்பிடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் படித்த தோட்டப் பள்ளியும் எங்கோ ஓர் ஓரத்தில், அந்தப் பழைய பெயரோடு நின்றுகொண்டிருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வாசலில் சற்று நில்லுங்கள். உள்ளே சென்று, நூல் நிலையம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். மற்றதை அங்கே பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.